ரிமோட் ரோபோ இரண்டே நாளில் சலித்துவிட்டதா? அதற்கு வேலை கொடுங்கள்

கேள்வி இது: “ஆறு வயது மகனுக்கு ரிமோட்டில் இயங்கும் ரோபோ பொம்மை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு நாள் கீழேயே வைக்கவில்லை. இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான்கு வயதுத் தங்கை மட்டும் அவ்வப்போது ரிமோட்டை எடுத்து அழுத்திக்கொண்டிருக்கிறாள். இதை வைத்து உருப்படியாக விளையாட வழி உண்டா? அல்லது இன்னும் விலை உயர்ந்த ரோபோ வாங்கினால்தான் ஆர்வம் வருமா?”

வேறு ரோபோ வாங்க வேண்டாம். இருப்பது ஓடுகிற நிலையில் இருந்தால் இன்னும் நெடுநாள் அதுவே போதும். குழந்தைகளுக்கு ரோபோ ஓட்டவும் செய்யவும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பெற்றோர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏன் சலித்தது என்று முதலில் பார்ப்போம். இந்த வகை ரிமோட்டில் இரண்டு விதமான பொத்தான்கள் இருக்கும். ஒன்று வேடிக்கைப் பொத்தான்கள்: அழுத்தினால் ரோபோ ஆடும், பாடும், கண்ணில் விளக்கு மின்னும். மற்றவை ஓட்டும் பொத்தான்கள்: முன்னே, பின்னே, இடம், வலம். கடையில் நம்மை வாங்கவைப்பவை முதல் வகைப் பொத்தான்கள். பெட்டியைப் பிரித்ததும் குழந்தை அழுத்துவதும் அவற்றைத்தான். ஆனால் பத்தாவது முறை அழுத்தினாலும் அதே ஆட்டம், அதே பாட்டு. குழந்தை உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். பொம்மை குழந்தைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கும் வரை அது இரண்டு நாள் பொம்மை. குழந்தை அதற்கு வேலை வைக்கத் தொடங்கும்போதுதான் விளையாட்டு ஆரம்பமாகிறது.

எனவே வேடிக்கைப் பொத்தான்களின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டி மூடிவிடுங்கள். ஒலிபெருக்கித் துளைகளின் மேலும் ஒரு துண்டு ஒட்டுங்கள். இந்தப் பொம்மைகள் பலவற்றின் சத்தம், காதருகே வைத்துக் கேட்கும் சிறு குழந்தைக்கு மிக அதிகம்.

அடுத்து, ஒரு காகிதக் கோப்பையைத் தரையில் வைத்து, “இதைக் கவிழ்க்காமல் அந்தக் கதவு வரை தள்ளிக்கொண்டு போக முடியுமா?” என்று கேளுங்கள். வேறெதுவும் சொல்ல வேண்டாம். முதல் முயற்சியில் ரோபோ வேகமாகப் போய் இடிக்கும், கோப்பை உருண்டோடும். பிறகு பையன் பொத்தானை விட்டுவிட்டு அழுத்தக் கற்றுக்கொள்வான். அப்போதும் ரோபோவின் கை கோப்பையின் விளிம்பருகே படுவதால் கோப்பை சாய்ந்துகொண்டே இருக்கும். இந்த இடத்தில் பெரும்பாலான குழந்தைகள் தரையில் குப்புறப் படுத்து, கோப்பையில் ரோபோ எங்கே தொடுகிறது என்று கன்னம் தரையில் படப் பார்ப்பார்கள். மேலே தள்ளினால் சாய்கிறது, அடியில் தள்ளினால் நகர்கிறது என்பது அந்தப் பார்வையில் பிடிபட்டுவிடும். ரோபோவின் காலருகே ஒரு அட்டைத் துண்டை ஒட்டிவிட்டு வெற்றி பெறும் குழந்தையும் உண்டு, கோப்பைக்குள் கூழாங்கல் போட்டுக் கனமாக்கும் குழந்தையும் உண்டு. இரண்டுமே நல்ல விடைகள். தயவுசெய்து நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

இப்படி ஒரு வேலை கிடைத்துவிட்டால் அடுத்தடுத்த வேலைகளைக் குழந்தையே கண்டுபிடிக்கும். நாற்காலிக் கால்களுக்கு இடையே புகுந்து வருவது, அட்டைப்பெட்டியில் குகை வெட்டிக் கடப்பது, சாக்பீஸ் கோட்டை மிதிக்காமல் போவது என்று எல்லாம் நன்றாகவே ஓடும். ஒன்று மட்டும் வேண்டாம்: பூனையையோ நாயையோ ரோபோவால் துரத்துவது. பார்க்க வேடிக்கையாக இருந்தாலும் அந்த விலங்குக்கு அது உண்மையான பயம்.

இனி, இந்தப் பொம்மையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். ரோபோ குழந்தைக்கு முதுகைக் காட்டியபடி முன்னே போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். இடப் பொத்தானை அழுத்தினால் அது இடப்பக்கம் திரும்பும். அதே ரோபோ திரும்பிக் குழந்தையை நோக்கி வரும்போது கதை மாறிவிடுகிறது. இடப் பொத்தானை அழுத்தினால் ரோபோ அதன் இடப்பக்கம்தான் திரும்புகிறது, ஆனால் அது குழந்தையின் வலப்பக்கம். குழந்தை பதறிப்போய் அதே பொத்தானை இன்னும் அழுத்தமாக அழுத்தும், ரோபோ சுவரில் போய் முட்டும். “ரிமோட் கெட்டுப்போச்சு” என்று கோபத்தில் தூக்கிப் போடுவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். உங்கள் மகன் ரோபோவை மறந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கொஞ்ச நேரம் உடனிருந்து கவனியுங்கள்.

இதற்கு வைத்தியம் எளிது. முதல் சில நாட்கள் ரோபோவின் பின்னாலேயே நடந்தபடி ஓட்டச் சொல்லுங்கள். அது திரும்பினால் குழந்தையும் திரும்ப வேண்டும். அது பழகியதும் ஒரே இடத்தில் நின்று, தலையையும் தோளையும் மட்டும் ரோபோ பார்க்கும் திசைக்கு வளைத்து ஓட்டும். அதன் பிறகு உடலும் அசையாது, மனம் மட்டும் திரும்பும். இந்த மூன்று நிலைகளையும் குழந்தை தாண்டுவதைக் கண்ணால் பார்க்கலாம். சில குழந்தைகளுக்கு இது வாரங்களில் வரும், சிலருக்கு மாதங்கள் ஆகும். எப்படியும் அவசரப்படுத்த வேண்டியதில்லை. ரோபோவின் இடக்கையில் சிவப்பு டேப்பும் ரிமோட்டின் இடப் பொத்தானில் சிவப்பு டேப்பும் ஒட்டினால் நடுவில் ஒரு படி கிடைக்கும்.

நான் இதை இவ்வளவு பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தான் நிற்கும் இடத்திலிருந்து தெரிவதைத்தான் எதிரே நிற்பவரும் பார்க்கிறார் என்று சிறு குழந்தைகள் நினைப்பதை, சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே மூன்று மலைகளின் மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்துச் செய்த சோதனையின் மூலம் எடுத்துக்காட்டினார். எதிரே இருக்கும் பொம்மைக்கு மலைகள் எப்படித் தெரியும் என்ற கேள்வி அவர்களுக்குக் கடினமாக இருந்தது. அவரிடம் பணியாற்றிய சீமோர் பேப்பர்ட், 1967-இல் வாலி ஃபொய்ர்ஸைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து குழந்தைகளுக்கான லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார். அந்த மொழியின் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து கோடு வரையும் சிறு ரோபோவுக்கு ஆமை என்று பெயர். எப்படி வரைவது என்று தெரியாமல் திகைக்கும் குழந்தையிடம் பேப்பர்ட் தந்த யோசனை, நீயே ஆமையாக மாறி நடந்து பார் என்பதுதான். உங்கள் வீட்டு ரோபோவின் பின்னால் நடந்தபடி உங்கள் மகன் செய்யப்போவதும் அதுவே.

அதையே ஒரு விளையாட்டாகவும் ஆக்கலாம். ரோபோவை ஓரமாக வைத்துவிட்டு, ஒருவர் ரோபோ, ஒருவர் ரிமோட் என்று மாறிக்கொள்ளுங்கள். ரோபோவாக இருப்பவர் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும், சொந்த யோசனை கூடாது. “முன்னே போ” என்று சொல்லிவிட்டு “நில்” என்று சொல்ல மறந்தால் சுவர் வரை போய் முட்டி நின்று, கால்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் ரோபோவாக நடித்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். எவ்வளவு தூரம், எவ்வளவு திருப்பம் என்று துல்லியமாகச் சொல்லாவிட்டால் காரியம் நடக்காது என்பது சிரிப்போடு சிரிப்பாக மனதில் பதிந்துவிடும்.

கொஞ்சம் கை தேர்ந்ததும், பார்க்காமல் ஓட்டும் ஆட்டத்துக்குப் போகலாம். ஓட்டுபவர் ரோபோவுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். இன்னொருவர் ரோபோவைப் பார்த்து வழி சொல்ல வேண்டும். “அந்தப் பக்கம்”, “இந்தப் பக்கம்” என்ற சொற்கள் இங்கே உதவாது. அண்ணனும் தங்கையும் ஒரே ரிமோட்டுக்குச் சண்டை போடும் வீட்டுக்கு இந்த ஆட்டத்தை முதலில் பரிந்துரைப்பேன். கடிகாரத்தைப் பார்த்து ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று பங்கு பிரித்தால், காத்திருக்கும் குழந்தை எரிச்சலோடுதான் காத்திருக்கும். ஓட்டுநர், வழிகாட்டி என்று இரண்டு வேலைகள் இருந்தால் இருவருமே ஆட்டத்துக்குள் இருப்பார்கள்.

இது நிஜமாகவே நடந்த கதை என்றும் சொல்லுங்கள். 1970 நவம்பரில் சோவியத் ஒன்றியம் நிலவில் இறக்கிய லூனகோத் 1 என்ற எட்டுச் சக்கர வண்டியைப் பூமியில் உட்கார்ந்திருந்த ஐந்து பேர் கொண்ட குழு ஓட்டியது. குழுத் தலைவர், ஓட்டுநர், வழிகாட்டி, ஆன்டெனாவைக் கவனிப்பவர், பொறியாளர் என்று ஆளுக்கொரு வேலை. ரேடியோ அலை நிலவுக்குப் போய்த் திரும்ப இரண்டரை விநாடி ஆகும். வண்டியின் கேமராவிலிருந்து தொடர்ச்சியான காட்சியும் வராது, பல விநாடிகளுக்கு ஒரு படம்தான் வரும். பள்ளம் திரையில் தெரியும்போது வண்டி ஏற்கெனவே அதை நெருங்கியிருக்கும். அப்படியிருந்தும் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள்.

அந்தத் தாமதத்தை வீட்டிலேயே உண்டாக்கலாம். ரிமோட் உங்கள் கையில் இருக்கட்டும். குழந்தை வாயால் கட்டளை சொல்ல வேண்டும். நீங்கள் மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுத்தான் பொத்தானை அழுத்த வேண்டும், “நில்” என்றாலும் மூன்று எண்ணித்தான் நிறுத்த வேண்டும். சற்று நேரத்திலேயே குழந்தை முன்கூட்டி யோசிக்க ஆரம்பிக்கும். சுவர் வருவதற்குள் “நில்” என்பதைச் சொல்லி முடித்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடும். செவ்வாய்க் கிரகத்துக்கு ஒரு கட்டளை போய்ச் சேரவே, கிரகங்களின் தூரத்தைப் பொறுத்து, சுமார் 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். அங்கே இப்படி ஓட்டவே முடியாது. அன்றைய பயணத்துக்கான கட்டளைகளை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

அதுவே அடுத்த விளையாட்டு. ஒரு தாளில் “முன்னே மூன்று விநாடி, இடம் ஒரு விநாடி, முன்னே இரண்டு விநாடி” என்று அவனையே எழுதச் சொல்லி, எழுதியபடி அழுத்தச் சொல்லுங்கள். எதிர்பார்த்த இடத்துக்கு ரோபோ போய்ச் சேராது. தாளைத் திருத்தி மறுபடி ஓட்டட்டும். சில ரிமோட்களிலேயே கட்டளைகளை வரிசையாகப் பதிவு செய்து ஒரேயடியாக ஓட்டும் பொத்தான் உண்டு. பல வீடுகளில் யாரும் தொடாத பொத்தான் அது. உங்கள் ரிமோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே ஒரு புதிர் வரும். நேற்று சரியாகச் சேர்ந்த அதே தாள், இன்று ரோபோவை வேறெங்கோ கொண்டுபோய் விடும். காரணம், இந்த வகைப் பொம்மைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று அறியும் வழியே கிடையாது. மோட்டார் மூன்று விநாடி சுழலும், அவ்வளவுதான். வழவழப்பான தரையில் ஒரு தூரம் போகும், கம்பளத்தில் வேறொரு தூரம். பேட்டரி புதிதாக இருந்தால் வேகம், தேய்ந்தால் மந்தம். ஒரு அளவு நாடாவைக் கொடுத்துத் தரைக்குத் தரை அளந்து எழுதச் சொல்லுங்கள். ஆறு வயதில் அது ஆராய்ச்சி என்று அவனுக்குத் தெரிய வேண்டியதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமே, அதற்காகக் கொஞ்சம். “நடக்கும்” ரோபோக்கள் பலவும் நடப்பதில்லை. பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், சக்கரங்கள் இருக்கும். இடப்பக்கத்துக்கு ஒரு மோட்டார், வலப்பக்கத்துக்கு ஒரு மோட்டார். இரண்டும் முன்னே சுழன்றால் நேராகப் போகும். ஒன்று முன்னும் மற்றது பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திரும்பும். புல்டோசர் திரும்புவதும் இந்த வித்தையில்தான். மோட்டார் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழலும், ஆனால் அதற்குத் தள்ளும் வலு குறைவு. இடையில் இருக்கும் பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டுகின்றன. சக்கரத்தின் அச்சில் தலைமுடியும் கம்பள நூலும் சுற்றிக்கொள்வது இந்த ரோபோக்கள் “ரிப்பேர்” ஆவதற்கு முக்கியக் காரணம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஒரு இடுக்கியால் அந்த முடியை உருவி எடுக்கும் வேலையை மகனிடமே கொடுங்கள்.

ரிமோட் இரண்டு விதம். அகச்சிவப்புக் கதிர் அனுப்புவது ஒன்று, ரேடியோ அலை அனுப்புவது மற்றொன்று. டிவி ரிமோட் போல முனையில் சிறிய விளக்குக் குமிழ் இருந்தால் அது பெரும்பாலும் அகச்சிவப்பு. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. செல்போன் கேமராவை ரிமோட்டின் முனைக்கு நேரே பிடித்து, பொத்தானை அழுத்தியபடி திரையைப் பாருங்கள். வெளிறிய ஊதா நிறத்தில் மினுக்கும். பின்புறக் கேமராவில் தெரியாவிட்டால் முன்புறக் கேமராவில் பாருங்கள். மினுக்கினால் ரிமோட் நலம், கோளாறு ரோபோவில். இரண்டிலும் மினுக்கம் தெரியாவிட்டால் முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். குழந்தைகளுக்கு இந்தச் சோதனையைக் காட்டினால் கண் விரியும், வீட்டில் உள்ள எல்லா ரிமோட்களையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இந்தக் கதிர் சுவரைத் தாண்டாது, ஆனால் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும். ரோபோவுக்கு எதிர்த்திசையில் சுவரைப் பார்த்து ரிமோட்டை அழுத்தினாலும் அது ஓடுவதைக் காட்டுங்கள். நல்ல வெயிலில் மட்டும் திணறும், ஏனென்றால் வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய இருக்கிறது.

பக்கத்து அறையிலிருந்தும் வேலை செய்தால் அது ரேடியோ ரிமோட். பழைய பொம்மைகள் 27 அல்லது 49 மெகாஹெர்ட்ஸில் இயங்கின. அதனால் ஒரே அலைவரிசையில் இரண்டு பொம்மைகள் இருந்தால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஆடும். இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பொம்மைகள் தமக்குரிய ரிமோட்டோடு இணைந்துகொள்வதால் அந்தக் குழப்பம் இல்லை. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டி நீரில் ஒரு சிறு படகை ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். உங்கள் மகன் கையில் இருக்கும் ரிமோட்டின் வம்சம் அங்கிருந்து தொடங்குகிறது.

பேட்டரி பற்றி மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல சிறிய ரிமோட்களில் நாணயம் போன்ற தட்டையான பேட்டரி இருக்கும். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். நான்கு வயதுக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் அளவு அது. அங்குள்ள ஈரத்தின் வழியே மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை எரித்துப் புண்ணாக்கிவிடும். உயிருக்கே ஆபத்து. ரிமோட்டை இயக்க முடியாத அளவுக்குத் தீர்ந்துபோன பேட்டரியிலும் அதற்குப் போதுமான மின்சாரம் மிச்சம் இருக்கும். ஆகவே பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு முடுக்கியதாகத்தான் இருக்க வேண்டும். ஸ்குரூ தொலைந்துவிட்டால் வேறு ஸ்குரூ போடும் வரை அந்த ரிமோட்டைக் குழந்தையிடம் தராதீர்கள், டேப் ஒட்டிச் சமாளிக்காதீர்கள். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, வாந்தி எடுக்கவும் வைக்கக் கூடாது.

சாதாரண உருளை பேட்டரி என்றால் பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். சில வாரங்கள் விளையாடப்போவதில்லை என்றால் கழற்றி வைத்துவிடுங்கள். கசிந்து வெள்ளைப் பூ பூத்திருந்தால் அதைத் தொடும் வேலை உங்களுடையது, குழந்தையுடையது அல்ல. மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட் என்பதால், நான்கு போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதில் 4.8 வோல்ட் கிடைக்கும். ரோபோ சற்று மெதுவாக ஓடலாம், தொடக்கத்தில் அது நல்லதே. லித்தியம் பேட்டரி உள்ள ரோபோ என்றால் உடன் வந்த சார்ஜரில் மட்டும், பெரியவர் கண்ணெதிரே சார்ஜ் செய்யுங்கள், தூங்கும் நேரத்தில் வேண்டாம். பேட்டரி உப்பியிருந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது.

தங்கையின் விஷயத்துக்கு வருவோம். நான்கு வயதுக்கு நான்கு திசைப் பொத்தான்கள் அதிகம். இடம், வலம் பொத்தான்களை டேப்பால் மூடிவிட்டு முன்னே, பின்னே மட்டும் கொடுங்கள். ஒரு நேர்கோட்டில் தன் பொம்மைகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வருவது அவளுக்குப் போதுமான வேலை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை வீட்டில் இருந்தால், சுமார் 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் நுழையக்கூடிய எந்த உதிரிப் பாகமும் அதன் கைக்கு எட்டக் கூடாது. சில சிறு குழந்தைகள் ரோபோவைக் கண்டு பயப்படுவார்கள். அவர்களிடம் “பயப்படாதே” என்று சொல்லிப் பயனில்லை. ரோபோவை அறையின் மறுகோடியில் வைத்து, ரிமோட்டைக் குழந்தையின் கையில் கொடுங்கள். நிறுத்துவது தன் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் பயம் தணிந்துவிடும்.

விலை உயர்ந்த ரோபோ எப்போது வாங்கலாம் என்றால், “இது தானாகவே சுவரைப் பார்த்துத் திரும்பாதா?” என்று உங்கள் மகன் கேட்கும்போது. அந்தக் கேள்வி வந்துவிட்டால், தடையை உணரும் சென்சார் உள்ள, கட்டளைகளை அடுக்கி இயக்கக்கூடிய ரோபோவை வாங்கிக் கொடுங்கள். அப்போதும் கேமரா, மைக், இணைய இணைப்பு உள்ளவற்றை யோசித்துத்தான் வாங்க வேண்டும். 2017-இல் ஜெர்மனியில் ஒரு பேசும் பொம்மையை அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பே தடை செய்தது. அருகிலுள்ள எவரும் புளூடூத் வழியாக அதோடு இணைந்து, குழந்தை பேசுவதை ஒட்டுக்கேட்க முடியும் என்பதுதான் காரணம். கடவுச்சொல் வைக்க முடியாத, பதிவுகளை எங்கே அனுப்புகிறது என்று தெளிவாகச் சொல்லாத ரோபோவை எவ்வளவு சலுகை விலையில் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.